கையை நிறுத்தத் தெரிந்த அக்கா

அந்த அக்கா குத்தினால் கை நம் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நிற்கும். காற்று மட்டும் முகத்தில் படும். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த நாங்கள் மெல்லத் திறந்து பார்த்தால், காய்த்துப்போன முட்டிகள் நான்கும் அசையாமல் அங்கேயே இருக்கும். "மூக்கு இருக்கா? தொட்டுப் பாத்துக்கோ" என்பார். தொட்டுப் பார்ப்போம். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஓடு உடைப்பது, பாய்ந்து உதைப்பது என்றெல்லாம் எதிர்பார்த்துக் கராத்தே வகுப்புக்கு வந்தவர்களுக்கு முதல் மாதம் பெரிய ஏமாற்றம். குத்து, நிறுத்து, குத்து, நிறுத்து என்று அதே வேலைதான். ஒருநாள் பையன் ஒருவன் முணுமுணுத்தான்.

"எப்பக்கா அடிக்கச் சொல்லித் தருவீங்க?"

"அடிக்கிறது ஒரு வேலயா தம்பி? சம்பளத்தன்னைக்கு லயத்துக்கு வந்து பாரு, எவனும் படிக்காமலே அடிக்கிறான். போற கைய நிறுத்துறதுக்குத்தான் படிப்பு வேணும்."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் தோட்டத்தில் அவரை வைத்துக் கொஞ்சக் காலம் கேலிப்பேச்சு நடந்தது. அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். பதினான்கு வருடங்கள் அதைத் திருத்தாமல் வைத்திருந்தேன். அவரைப் பற்றி எழுதினால் அதையும் எழுத வேண்டும் என்பதாலேயே இதை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவையும் சரியாக வருகிறதா என்று தெரியவில்லை.

கரவனெல்லவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. அக்காவுக்கு இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். கட்டுநாயக்கப் பக்கம் கார்மென்ட் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்தவர். அங்கே போர்டிங் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள மாஸ்டரிடம் கராத்தே படித்து பிரவுன் பெல்ட் வரை போயிருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்து, தொழிலாளியாகப் பேர் பதிந்து ரப்பர் பால் வெட்டப் போனார்.

பால் வெட்டுவதிலும் அவர் கை அப்படித்தான். ரப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போய்க் கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடம் புடைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை வருடம் போனாலும் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி, காயம் பார்க்க வரும் நாட்களில் மற்றவர்கள் முகத்தில் ஒரு கலவரம் தெரியும். அக்காவின் மர நிரையை அவர் பார்க்காமலே தாண்டிப் போவார். "அந்தப் புள்ள மரத்துல பாக்க ஒண்ணும் இல்ல" என்பார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, குற்றம் பிடிக்க இடமில்லையே என்ற எரிச்சலில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளை மடுவத்தில் வகுப்பு. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் தகரக் கூரைக் கட்டடம் அது. தொட்டில் சேலைகளைக் கூரை வளையில் சுருட்டிக் கட்டிவிட்டு, தரையைக் கூட்டி, இரண்டு படங்குச் சாக்கை விரித்தால் எங்கள் கராத்தே வகுப்பு தயார். எட்டுப் பெண்பிள்ளைகள், மூன்று பையன்கள். அக்கா சிங்களத்தில்தான் எண்ணுவார். அவர் படித்தது அப்படி. "எக்காய், தெக்காய், துனாய்" என்று நாங்களும் எண்ணிக் குத்துவோம். ஒரே ஒரு சொல் மட்டும் தமிழில் இருந்தது. இரண்டு பேர் மோதும்போது ஒருவர் "போதும்" என்று சொன்னால், மற்றவர் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். பின்னால் இழுக்கக்கூட நேரம் எடுக்கக்கூடாது.

"இத மட்டும் ஏன்க்கா தமிழ்ல வச்சீங்க?" என்று நான் கேட்டேன். நான்தான் இந்த மாதிரிக் கேள்விகள் கேட்பேன்.

"வலிக்கிறப்ப வாயில மொதல்ல என்ன வரும்? அதுதான் இருக்கணும்."

பயத்தில் முந்திச் சொன்னாலும், தோற்கப் போகிறோம் என்று கள்ளத்தனமாகச் சொன்னாலும், போதும் என்றால் போதும்தான். அதில் எங்களுக்குப் பெரிய குறை இருந்தது. நன்றாக மடக்கிக் கொண்டுபோய் ஒரு புள்ளி எடுக்கப்போகும் நேரத்தில் எதிரே நிற்பவள் "போதும்" என்பாள். அக்காவிடம் முறையிடுவோம்.

"பொய்யா சொல்றாக்கா!"

"சொல்லட்டும். பொய் அவ கணக்கு. நிறுத்துறது ஒன் கணக்கு."

இதை அவர் வகுப்புக்காக மட்டும் வைத்திருக்கவில்லை என்பதை மாரியம்மன் திருவிழாவன்று பார்த்தேன். தேர் சுற்றி வந்து முடிந்த பின்னேரம். அக்காவின் அண்ணன் நன்றாகக் குடித்துவிட்டு வந்து, லயத்து வாசலில் எல்லோரும் பார்க்க, தன் மனைவியை அடிக்கக் கை ஓங்கினார். அக்கா உள்ளேயிருந்து வந்தார். ஓங்கிய கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடக்கி, அண்ணனை முகத்தோடு சுவரில் சாத்தி நிறுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

"போதும், விடு! போதும்!" என்று அண்ணன் கத்தினார்.

அக்கா உடனே விட்டார். அண்ணன் திரும்பி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அக்கா மறுபடி பிடித்து மடக்கிச் சாத்தினார். மறுபடி "போதும்". மறுபடி விட்டார். மறுபடி அறை. மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தபோது அடுத்த காம்பரா வீட்டுப் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி விடுற? ஒனக்கென்ன கிறுக்கா? கைய ஒடிச்சு விடுடி!"

"சொல்லிட்டான்ல பெரியம்மா" என்றார் அக்கா. கன்னம் சிவந்து வீங்கியிருந்தது.

நாலாவது தடவை பிடித்தபோது அண்ணன் போதும் என்று சொல்லவில்லை. "நீயெல்லாம் என்னா பொம்பள" என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து படியில் உட்கார்ந்து, அங்கேயே தூங்கிப்போனார். அண்ணி மீது அன்று ஓர் அடியும் விழவில்லை. மூன்று அறையையும் வாங்கியது அக்கா.

இப்போது எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம், இவள் இதைப் படிக்க வேண்டுமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு தடுமாற்றம். அறை வாங்கித் தரும் ஒழுங்கு ஒழுங்கா? அந்த நாட்களில் வகுப்பிலும் யாரோ கேட்டார்கள்: "பஸ்ல ஒருத்தன் கைய வச்சா, நாங்க மடக்கிட்டா, அவன் போதும்னா விட்டுறணுமாக்கா?" அக்கா யோசிக்கவே இல்லை. "விடணும். விட்டுட்டு ஓடணும். நின்னு அவனுக்குப் புத்தி சொல்லாத."

ஆனால் பஸ்ஸுக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடம் கை மடக்குவது அல்ல, கத்துவது. பெண்பிள்ளைகளான எங்களுக்குக் கத்த வரவில்லை. வெட்கம். எட்டுப் பேரையும் ரப்பர் மலைக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஐம்பது அடி இடைவெளியில் நிறுத்தி, "தள்ளி நில்லு!" என்று கத்தச் சொன்னார். பிறகு அதையே சிங்களத்தில் "அயின் வெனவா!" என்று. "பஸ்ல தமிழ்ல கத்தினா பாதிப் பேருக்கு வெளங்காது. வெளங்காட்டி யாரும் திரும்ப மாட்டான்" என்றார். எங்களில் பெரிய தொண்டை சுகந்திக்கு. எங்கள் லயத்தில் மூன்றாம் காம்பரா, பாடசாலையிலும் என் வகுப்பு. அவள் கத்திய கத்தில் கங்காணி மலைக்குக் கீழேயிருந்து தடியோடு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னா புள்ள, பாம்பா?"

"இல்லீங்க கங்காணி, படிப்பு" என்றாள் சுகந்தி.

அந்தப் படிப்பு எனக்கு ஒருநாள் கைகொடுத்தது. ருவான்வெல்லையிலிருந்து டியூஷன் முடிந்து வந்த பஸ்ஸில், பின்னால் நின்ற ஓர் ஆள் நெருங்கி நெருங்கி வந்தான். நாலு நாளாக அதே ஆள், அதே இடம். அன்று கத்தினேன். "அயின் வெனவா!" பஸ்ஸே திரும்பியது. கொண்டக்டர் அவன் சட்டைக் கொலரைப் பிடித்து அடுத்த பஸ் ஹோல்டில் இறக்கிவிட்டார். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, "கேட்டுச்சுல்ல எல்லாருக்கும்?" என்று மட்டும் கேட்டார். முகம் முழுக்கச் சந்தோஷம். இவ்வளவும் செய்தவருக்கு நான் திருப்பிச் செய்தது என்ன என்பதை இனி எழுத வேண்டும்.

நான் படிப்பில் முதலாவது. சண்டையில் கடைசிக்கு முந்தியது. சுகந்தி நேர் எதிர். "படிப்பாளி" என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். அதில் கொஞ்சம் பாசமும் உண்டு, கொஞ்சம் ஊசியும் உண்டு. அன்றைக்கு மடுவத்தில் இரண்டு ஜோடி மோதிக்கொண்டிருந்தோம். ஒரு மூலையில் நானும் சுகந்தியும். அடுத்த மூலையில் இரண்டு பையன்கள். அக்கா எங்களுக்கு முதுகு காட்டி அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் கல் கொட்டுவது மாதிரிச் சத்தம். சுகந்தி என்னை மூன்று தடவை தொட்டுவிட்டாள். மூன்றும் முறைப்படி, பஞ்சு மாதிரி.

"படிப்பாளி கணக்குப் போட்டுல்ல அடிக்கிறா! விடை வர நாளைக்காகும்!" என்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கிருந்தோ எனக்கு ஒரு வேகம் வந்தது. அவளைத் தள்ளித் தள்ளி மூலைவரை கொண்டுபோனேன். முதல் தடவையாக அவளுடைய கை கீழே இறங்கி முகம் திறந்து கிடந்தது. அப்போது அவள் சாக்கின் ஓரத்தில் கால் தடுக்கி, நிமிர்ந்து, "போதும்" என்றாள். வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிக்கிறாள், தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது சிரிப்பாக இருந்திருக்காது, கால் புரண்ட வலியாக இருந்திருக்கும்.

என் கை நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா பழக்கிய கை, சொல் கேட்டதும் தானாக நின்றது. "போதும்டி" என்றாள் மறுபடி. நின்ற கை மறுபடி போனது.

சுகந்தியின் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. மேலுதடு கிழிந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடியது அக்காதான். திரும்பி வரும்போது அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே மடுவத்தில் விசாரணை. தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்திருந்தார். சுகந்தியின் அம்மா அழுதுகொண்டிருந்தார். "பொம்பளப் புள்ளைக்குப் பல்ல ஒடச்சுட்டீங்களே, நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" சுகந்தி உதட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பேச முடியாது. நான் என் அம்மாவுக்கு முன்னால் நின்றேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

"நிறுத்தச் சொல்லிச் சொன்னியா புள்ள?" என்று தலைவர் சுகந்தியிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு தடவை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கேட்டுச்சாம்மா?"

அம்மாவின் விரல்கள் தோளில் இறுகின. பரீட்சை வருகிறது, பேர் கெட்டுவிடும், அதிபர் காதுக்குப் போகும் என்று அந்த விரல்கள் சொன்னதாக நான் பிறகு நினைத்துக்கொண்டேன். உண்மையில் அம்மா பயந்துதான் இறுக்கிப் பிடித்திருப்பார். பழியை அவர் விரல்மீது போடுவது எனக்கு வசதியாக இருந்தது.

"மழச் சத்தத்துல கேக்கலீங்க" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் என்னைத் திட்டவில்லை. தலைவருடைய முகம் அக்காவின் பக்கம் திரும்பியது.

"பாத்தியாம்மா? ஒரு சொல்ல நம்பி வயசுப் புள்ளைகள மோத விடுற. அந்தச் சொல்லு காதுல விழுகலன்னா என்ன நடக்கும்னு யோசிச்சியா?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன். சந்தேகமே இல்லை. ஒரு கணக்கில் எங்கே பிழை விட்டோம் என்று கண்டுபிடித்துவிட்டவரின் முகம்.

"மழ வந்தப்பவே நிறுத்தியிருக்கணும்ங்க" என்றார். "எனக்குத் தோணல. இந்தப் புள்ள மேல பிழ இல்ல. என் பிழதான்."

"அப்ப இத்தோட போதும்மா. இந்தச் சண்டப் படிப்பு நம்ம தோட்டத்துக்கு வேணாம்."

"சரிங்க" என்றார் அக்கா.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவார், எங்களுக்காகவாவது கேட்பார் என்று பிள்ளைகள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். அவர் சாக்குகளை மடித்தார். தொட்டில் சேலைகளை அவிழ்த்துத் தொங்கவிட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் வகுப்பை மூடித்தான் இருப்பார்கள் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அப்போது அது ஒரு பிள்ளையின் பிழையாக இருந்திருக்கும். அவருடைய படிப்பின் பிழையாக ஆகியிருக்காது.

கொஞ்ச நாளில் லயத்துப் பொடியன்கள் ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். யாராவது பல்வலி என்று சொன்னால், "ஏன், கராத்தேக்காகிட்ட போனியா?" அக்கா பால் வாளியோடு போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். அடுத்த தைப்பொங்கலுக்கு முன்னால் அவருடைய அம்மா இறந்தார். காரியம் முடிந்ததும் அக்கா தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். மறுபடி கார்மென்ட் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பரீட்சை இருந்தது. பரீட்சையில் நல்ல பெறுபேறு.

சுகந்தியிடம்கூட நான் சொல்லவில்லை. அவளே ஒருநாள், தையல் ஆறிய பிறகு, பைப்படியில் வைத்துச் சொன்னாள்: "நான் மெதுவாத்தான் சொல்லியிருப்பேன் போலடி. பயத்துல சத்தம் வரல போல." மலை முழுக்கக் கேட்கக் கத்தியவள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு, "ம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. பல் கட்டியிருக்கிறாள். ஆனாலும் சிரிக்கும்போது கை வாய்க்குப் போய்விடும். கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கையைத்தான் பார்க்கிறது.

நான் உயர்தரம் படித்து, கல்யாணமாகி, வரக்காப்பொலையில் கணவருடைய கடையில் கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறேன். மகள் பாடசாலைக்கு வேனில் போகிறாள். வேன் திரும்பி வரப் பத்து நிமிடம் பிந்தினால் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அவள் பின்னல் அவிழ்ந்து, அழுத முகத்தோடு வந்தாள். பக்கத்து சீட் பையன் ஒருவன் தினமும் முடியைப் பிடித்து இழுக்கிறானாம். மறுநாள் காலை வேன் வந்ததும் நான் அவனிடம் நேரே கேட்டேன்.

"ஏன் ராசா, பாப்பா வேணாம்னு சொன்னாளா இல்லையா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஏழு வயது இருக்கும். "வேன் சத்தத்துல கேக்கல, ஆன்ட்டி."

நான் வேன் கதவைச் சாத்தினேன். வேன் போய்விட்டது. பின்னேரம் மகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "நான் சத்தமாத்தான் சொன்னேம்மா. ஏன் அவனுக்குக் கேக்கல?"

அக்கா ருவான்வெல்லையில் வகுப்பு நடத்துகிறார் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். பழைய தோட்டத்து ஆட்கள் உள்ள வட்ஸ்அப் குழுவில் யாரோ படம் போட்டிருந்தார்கள். கறுப்பு பெல்ட். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். அந்த வாரமே போக வேண்டும் என்று நினைத்தேன். முதல் சனிக்கிழமை மகளுக்குத் தடிமன், மூக்கடைப்பு. இரண்டாவது வாரம் கடையில் ஆள் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு காரணமும் இல்லை, பஸ் ஹோல்ட் வரை போய்த் திரும்பி வந்தேன். நாலாவது வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மண்டபம், தகரக் கூரை. உள்ளே தமிழும் சிங்களமுமாக இருபது பிள்ளைகள், பதின்மூன்று பதினான்கு வயதுக்காரர்கள். ஜோடி ஜோடியாக மோதிக்கொண்டிருந்தார்கள். அக்கா நடுவில் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மழை தொடங்கியது. முதல் பத்துத் துளி தகரத்தில் விழுந்திருக்கும். அக்கா இரண்டு கையையும் தட்டினார். இருபது பேரும் அப்படியே விலகிச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள்.

வாசலோரம் உட்கார்ந்த ஒரு பிள்ளை எங்களுக்கு இடம் விட்டாள். "உள்ளுக்கு வாங்க ஆன்ட்டி. மழ விடுற வரைக்கும் ஒண்ணும் நடக்காது."

"ஏன்?"

"மிஸ்ஸோட ரூல். மழ பேஞ்சா சண்ட இல்ல. முந்தி ஒரு புள்ள போதும்னு சொன்னது மழையில கேக்காம, மத்த புள்ள அடிச்சுப் பல்லு போயிருச்சாம்." பக்கத்தில் இருந்தவள் சலித்துக்கொண்டாள். "இந்த ஊர்ல மழ பேயாத சனிக்கிழம எப்பத்தான் வரும்? போன மேட்ச்சுக்குப் பாதி ப்ராக்டிஸ்லதான் போனோம். மொத ரவுண்ட்லயே எல்லாரும் அவுட்."

அதற்குள் அக்கா என்னைக் கண்டுவிட்டார். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தவர் பெரிதாகச் சிரித்தார்.

"அடியே, படிப்பாளி! நீயா?" மழைக்காகக் குரலை உயர்த்திக்கொண்டு வந்தார். "இது ஒன் மகளா? ஒன்ன மாதிரியேதான் முழிக்கிறா." மகளின் கன்னத்தைத் தொட்டார். "சுகந்தி எப்படி இருக்கா? பல்லு கட்டிட்டாளா?"

"கட்டிட்டாக்கா."

"எத்தன நாள் நெனச்சிருக்கேன். நான் திரும்பிப் பாத்திருந்தா..."

இதற்கு மேல் அவரைப் பேசவிட்டால் நான் பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அக்கா, அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு."

"என்னது?"

"சுகந்தி போதும்னு சொன்னது. மழையிலயும் நல்லாக் கேட்டுச்சு. கை நின்னுச்சுக்கா. கேட்டுத்தான் அடிச்சேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகளின் கன்னத்திலிருந்த கை மெல்ல இறங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

"ரெண்டு தடவையுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவையும்."

அவர் திரும்பிச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். மேலே கூரையைப் பார்த்தார். மழை இன்னும் வலுத்திருந்தது.

"எழும்புங்க" என்றார். பிறகு சிங்களத்தில், "நெகிட்டின்ன."

யாரும் அசையவில்லை. "மிஸ், மழ..." என்றாள் எனக்கு இடம் விட்ட பிள்ளை.

"பேயட்டும். எழும்பு. நீயும் அவளும் வாங்க."

இருவரும் நடுவில் போய் நின்றார்கள். தயங்கித் தயங்கித் தொடங்கி, பிறகு வேகம் பிடித்தார்கள். ஒருத்தி மற்றவளைச் சுவர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். கை போனது.

"போதும்!"

கை மூக்குக்கு முன்னால் நின்றது. தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

அக்கா வாசல் பக்கம் திரும்பினார். என்னை எப்போதும் நீ என்று அழைத்தவர், கடையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அங்க கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.